விடுமுறை நாளில் கடலுக்குப் போகலாமா?

(வானொலி மறையுரை. பாஸ்கா காலத்தின் 3ஆம் ஞாயிறு. நற்செய்தி: யோவான் 21:1-19)



போன வாரம் அம்மாபேட்டையில் மாலைத் திருப்பலி முடிந்து கோவில் கதவைச் சாத்தும் நேரத்தில், நம் பங்கு இளைஞர்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். இருவருக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஒருவர் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்கிறார். இன்னொருவர் கல்லூரியில் படிக்கிறார். தயங்கித் தயங்கி ஒருவர் கேட்டார்: "ஃபாதர், நாங்க நாலு பேரும் ஒரு நாளு கடலுக்குப் போயி மீன் புடிக்கலாம்னு இருக்கோம். எங்க போனா நல்லாருக்கும்? எப்பப் போனா மீனு கெடைக்கும்?"

நான் பிறந்ததும் வளர்ந்ததும் சேலத்துச் சமவெளியில்தான். ஆனால் கடற்கரைப் பங்குகளில் எனக்குக் குருமட நண்பர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். "உங்களுக்கு என்னைக்கு லீவு?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமைதான் ஃபாதர். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினா விடிய கடலு. ஒரு படகுக்காரர்கிட்டப் பேசி, உள்ள போயிட்டு, ராத்திரியே திரும்பிடலாம்." "அப்போ பூசை?" என்றேன். "ஒரு வாரந்தானே ஃபாதர்" என்று ஒருவர் சொல்ல, மற்ற மூவரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. "ஞாயிறு அன்று வானொலியில் சொல்கிறேன், கேளுங்கள்" என்று அனுப்பிவிட்டேன். தம்பிகளா, கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்றைய நற்செய்தி உங்களுக்காகவே வந்ததுபோல அமைந்திருக்கிறது.

இன்றைய நற்செய்தியில் பேதுரு என்ன செய்கிறார்? மீன்பிடிக்கப் போகப்போவதாகச் சொல்கிறார். அவ்வளவுதான். அவரோடு இருந்தவர்களும், நாங்களும் வருகிறோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். எங்கே, எப்போது என்ற பேச்சே இல்லை. மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு பேரில் நத்தனியேலும் இருக்கிறார். அவர் கானாவூர்க்காரர் என்று யோவான் குறிப்பிட்டே எழுதுகிறார். கானா கரையோர ஊர் அல்ல, உள்நாட்டு ஊர். ஆகவே நம் அம்மாபேட்டைக்காரர் போல ஒருவரும் அந்தப் படகில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்!

இரவு முழுவதும் வலை வீசினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். யாரென்று தெரியவில்லை. படகின் வலப்பக்கம் வலையை வீசச் சொல்கிறார். வீசுகிறார்கள். 153 பெரிய மீன்கள். வலையும் கிழியவில்லை.

சகோதர சகோதரிகளே, பேதுரு வலை வீசிய கலிலேயக் கடல் உண்மையில் கடல் அல்ல. அது நன்னீர் ஏரி. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்க்கரை மலை தெரியும். அந்த ஏரியிலேயே திடீர்க் காற்று எழும்பிச் சீடர்கள் அஞ்சி நடுங்கியதை நற்செய்தியில் வாசிக்கிறோம். நம் வங்காள விரிகுடாவுக்கு எதிர்க்கரை நம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே போகவேண்டுமென்றால், நமக்கு விடுமுறை என்றைக்கு என்று பார்ப்பதோடு முடிந்துவிடாது. கடலுக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. கடற்கரை மக்களுக்கு அது மனப்பாடம்.

முதலாவது, இது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு விதிக்கும் தடை அது. முன்பு 45 நாள்களாக இருந்தது 2017 முதல் 61 நாள்களாக நீண்டது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை மாதங்களில் இந்தத் தடை வரும். இந்த நாள்களில் மீனவர்கள் வலை செப்பனிடுவார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள். வருமானம் குறைந்த நாள்கள். கடன் ஏறும் நாள்களும்கூட. ஆனாலும் கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்று அந்த இரண்டு மாதங்களையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல்கள் வரும் காலம். 2017 நவம்பர் 30ஆம் தேதி குமரிக் கடலில் ஒக்கி புயல் அடித்ததை நாம் மறக்க முடியாது. மிகக் குறுகிய நேரத்தில் வலுப்பெற்ற புயல் அது. அதற்குள் பலர் கடலுக்குள் போயிருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் வீடு திரும்பவில்லை. பிறந்தது முதல் கடலை அறிந்தவர்களுக்கே அந்த நிலை. இன்று வானிலை மையம் மீனவர்களுக்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் அலையின் உயரம், காற்றின் வேகம் இவற்றையும், செயற்கைக்கோள் உதவியால் மீன் கூடக்கூடிய இடங்களையும் அறிவிக்கிறது. கடலுக்குப் போகிறவர் அதைப் பார்க்காமல் போகக்கூடாது.

மூன்றாவது, நிலா. அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அட்டமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் குறையும். நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் இதைக் கணக்குப் பார்த்துத்தான் வருவார்கள். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும்போது மீனும் கூடவே ஏறும்.

நான்காவது, ஊர்க்கட்டுப்பாடு. இராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய படகின் மடி சிறிய படகின் வலையை அறுத்துவிடக்கூடாது என்பதற்காக நாள்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தூத்துக்குடி, குமரி கடற்கரையில் நம் கத்தோலிக்க மக்கள் வாழும் பல ஊர்களில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் படகு இறக்கமாட்டார்கள். சனிக்கிழமை எவ்வளவு மீன் பட்டிருந்தாலும் சரி, ஞாயிறு ஓய்வு. அது கோவிலுக்கும் குடும்பத்துக்கும் உரிய நாள்.

தம்பிகளா, உங்கள் திட்டம் இங்கேதான் இடிக்கிறது. ஞாயிறு உங்களுக்கு விடுமுறை. அந்தப் படகுக்காரருக்கும் அதுதான் விடுமுறை. "கூடுதலாப் பணம் கொடுத்தா வரமாட்டாரா?" என்று நீங்கள் கேட்கலாம். வரலாம். தடைக்காலத்தில் கையில் காசில்லாத ஒருவர் வந்தாலும் வருவார். ஆனால் நீங்கள் வாங்குவது அவருடைய படகை மட்டும் அல்ல, அவருடைய ஞாயிற்றுக்கிழமையையும்தான்.

இதை நான் உங்களுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் குருப்பட்டம் பெற்ற புதிது. ஆடி மாதம். ஒரு திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள் கிடைத்தது. தூத்துக்குடி கடற்கரையில் ஒரு சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்த நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். கடலுக்குள் போய்த் தூண்டில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்குச் சின்ன வயது முதல் ஆசை. நண்பர் ஒரு பெரியவரிடம் சொல்லிவைத்திருந்தார். இயந்திரம் பொருத்திய சிறிய வள்ளம் அவருடையது.

விடியற்காலையில் கரைக்குப் போனோம். தண்ணீர் தட்டுபோல இருந்தது. அலையே இல்லை. பெரியவர் மேற்கே பார்த்தார். கையில் கொஞ்சம் மணலை அள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம் சாமி. காத்து எழும்பும். நாளைக்கோ மறுநாளோ போவோம்" என்றார். நான் கடலைப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "எனக்கு இன்றைக்கு ஒரு நாள்தான் ஓய்வு. நாளைக் காலையில் சேலத்தில் பூசை இருக்கிறது. கொஞ்ச தூரம் போய்விட்டு வந்துவிடலாமே" என்றேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னேன். நண்பர்கூட வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் விடவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு வள்ளத்தைத் தள்ளச் சொன்னார்.

அந்தக் கரையில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அது மேற்கிலிருந்து, தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால்தான் கரையோரத்துத் தண்ணீர் அமைதியாகத் தெரிகிறது. உள்ளே போகப்போகத்தான் அலை பெரிதாகும். போவது எளிது, காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்புவதுதான் கடினம். காற்றை எதிர்த்து வரவேண்டும்.

எட்டு மணி வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. பெரியவர் கரையிலுள்ள கோவில் கோபுரத்தையும், தள்ளி நின்ற ஒரு பனைக்கூட்டத்தையும் ஒரே நேராகச் சேர்த்துப் பார்த்து, மீன் கிடக்கும் பார் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த நேர் வந்ததும் வள்ளத்தை நிறுத்தி நங்கூரம் போட்டார். நான் மூன்று மீன் பிடித்தேன். அந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பத்து மணியளவில் காற்று எழும்பியது. திரும்பலாம் என்று நங்கூரத்தை இழுத்தால், அது பாறையில் சிக்கிக்கொண்டு வரவில்லை. அலை வள்ளத்துக்குள் அடித்தது. இயந்திரத்தில் தண்ணீர் புகுந்து நின்றுபோனது. கயிறு அறுந்தது. வள்ளம் கிழக்கே போகத் தொடங்கியது. கோபுரம் சிறிதாகிக்கொண்டே வந்தது.

நான் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் ஒரு வாளியை என் பக்கம் தள்ளினார். "செபமாலைய வாயில சொல்லுங்க சாமி, கையில தண்ணிய இறைங்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் தண்ணீர் இறைத்தோம். கடைசியில் கரை திரும்பிய வேறொரு வள்ளம் எங்களைப் பார்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கரையில் அவர் மனைவி நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் குடிக்கத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இரவு நான் பேருந்து ஏறினேன். மறுநாள் காலையில் பூசை வைத்தேன். கடலில் பட்ட ஆபத்தை நண்பர்களிடம் வீரக்கதைபோலச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

நான்கு மாதம் கழித்து நண்பரைப் பார்த்தபோதுதான் மிச்சக் கதை தெரிந்தது. நங்கூரமும் கயிறும் போயிற்று. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் அவர் கடலுக்குப் போகவில்லை. அந்தச் செலவுக்கு அம்மாவின் காது கம்மலை அடகு வைத்திருந்தார்கள். என்னிடம் சொல்லக்கூடாது என்று பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொண்டாராம்.

பணத்தைத் திரட்டிக்கொண்டு அடுத்த ஓய்வு நாளில் போனேன். பெரியவர் முதலில் வாங்க மறுத்தார். நான் அழுதுவிட்டேன். "அன்றைக்கு முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "சாமி கேட்கும்போது இல்லன்னு எப்படிச் சொல்ல?" என்றார். பிறகு, "அடுத்த தடவ வந்தா, நான் வேண்டாம்னா வேண்டாம்னு கேட்டுக்கிடுங்க சாமி. அது போதும்" என்றார்.

பிரியமானவர்களே, அன்று என் பாவம் என்ன? கடலைப் பற்றித் தெரியாதது பாவம் அல்ல. தெரிந்தவர் சொன்னபோது, என் ஓய்வு நாள் வீணாகிவிடுமே என்று கேட்காமல் இருந்தேன். இன்னொன்றும் உண்டு. என் வெள்ளை அங்கிக்கு முன்னால் அவரால் முடியாது என்று சொல்ல இயலாது. அது எனக்கு உள்ளூரத் தெரியும். தெரிந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டேன். ஏரியில் மீன்பிடிப்பதே தொழிலாக இருந்த பேதுரு, கரையில் நின்ற, யாரென்றே தெரியாத ஒருவரின் சொல்லுக்கு வலையை மாற்றி வீசினார். குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் படித்த நான், ஐம்பது ஆண்டுகள் கடலில் இருந்தவரின் சொல்லைக் கேட்கவில்லை.

ஓய்வு நாளைப் பற்றி இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளை கொடுக்கிறார். நீ மட்டும் ஓய்வெடுத்தால் போதாது. உன் மகன், மகள், வேலைக்காரர், உன் மாடு, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியர், எல்லாருக்கும் அந்த ஓய்வு கிடைக்கவேண்டும் என்பது அதன் பொருள். ஏன்? எகிப்தில் நீங்களும் அடிமைகளாக இருந்தீர்கள், நினைத்துப் பாருங்கள் என்கிறார் ஆண்டவர். அடிமைக்கு விடுமுறை கிடையாது. ஆகவே என் ஓய்வு இன்னொருவரின் ஓய்வைப் பறித்துக் கிடைக்குமானால், அது ஆண்டவர் கொடுத்த ஓய்வு அல்ல.

இது கடலுக்கு மட்டும் உரிய செய்தி என்று நினைக்கவேண்டாம். தறி முதலாளிகளே, நீங்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகும் நாளில், உங்களிடம் தறி ஓட்டுகிறவருக்கு விடுமுறை உண்டா? பெருவிழா நாளில் நம் வீடுகளில் பிரியாணி மணக்கும்போது, அம்மாவுக்கு உட்கார நேரம் உண்டா? ஆசையாக ஊருக்குப் போக வாடகை வண்டி பிடிக்கிறோமே, இரவு முழுவதும் ஓட்டிய ஓட்டுநரிடம், "தூக்கம் வருதா தம்பி, கொஞ்ச நேரம் படுத்துக்கோ" என்று எத்தனை பேர் சொல்கிறோம்? அவர்களெல்லாம் நம்மிடம் முடியாது என்று சொல்ல இயலாதவர்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்காமல், நாமே கேட்கவேண்டும்.

இன்றைய நற்செய்தியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். சாப்பாடு முடிந்ததும் இயேசு பேதுருவிடம், தம்மை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். ஆடுகளை அவரிடம் ஒப்படைக்கிறார். பிறகு ஒன்று சொல்கிறார். இளைஞனாக இருந்தபோது நீயே இடுப்பைக் கட்டிக்கொண்டு விருப்பப்பட்ட இடத்துக்குப் போனாய். முதிர்ந்த வயதில் உன் கைகளை விரித்துக் கொடுப்பாய், வேறொருவர் உன்னைக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்பது அதன் கருத்து. பேதுருவின் சாவைக் குறித்துச் சொன்னது என்று யோவானே விளக்கம் தருகிறார். ஆனால் நம் ஒவ்வொருவருக்கும் அதில் பாடம் உண்டு. மீன்பிடிக்கப் போகிறேன் என்று தானே முடிவெடுத்துக் கிளம்பினார் பேதுரு. இரவு கழிந்து விடிந்தபின், ஆடுகளின் தேவை எங்கே அழைக்கிறதோ அங்கே போகிறவராக இயேசு அவரை மாற்றுகிறார். அன்பு செய்கிறவன் எங்கே, எப்போது போவது என்பதைத் தன் ஆசையை மட்டும் கேட்டு முடிவு செய்யமாட்டான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீடர்கள் மீனோடு கரை ஏறும்போது, இயேசு ஏற்கெனவே கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருக்கிறார். இரவெல்லாம் வேலை செய்து களைத்தவர்களை உட்கார வைத்து, ஆண்டவரே பரிமாறுகிறார். உயிர்த்த ஆண்டவர் ஓய்வு கொடுப்பது இப்படித்தான்.

சரி தம்பிகளா, நீங்கள் கேட்டது எங்கே, எப்போது என்றுதானே? சொல்கிறேன்.

எங்கே? முதல் தடவையே படகு வேண்டாம். மீன்பிடிப் படகு பயணிகளை ஏற்றுவதற்கான படகு அல்ல. பரங்கிப்பேட்டைக்குப் போங்கள். இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நம் மாவட்டத்து மலைகளில் பிறந்து ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி, வெள்ளாற்றில் சேர்ந்து அங்கேதான் கடலில் கலக்கிறது. நம் ஊர் மழைத்தண்ணீர் போகும் இடம். அந்த முகத்துவாரத்தில் கரையில் நின்றே தூண்டில் போடலாம். மடவையோ கொடுவாயோ கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். எந்த இடத்தில் நிற்கலாம், எந்த இடத்தில் இழுப்பு இருக்கிறது என்று உள்ளூர் மீனவரைக் கேளுங்கள். தூண்டில் வளைவுப் பாறைகளில் ஏறவேண்டாம், பாசி வழுக்கும். அவர்கள் வலை போடும் இடத்தில் நீங்கள் நிற்கவேண்டாம்.

எப்போது? ஜூன் பாதிக்கு மேல், மழைக்காலம் தொடங்குவதற்கு முன். நால்வரும் சேர்ந்து ஒரு திங்கட்கிழமை விடுப்பு கேளுங்கள். ஞாயிறு காலை இங்கே பூசை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரவு அங்கே தங்கி, காலையில் கடல் ஏறும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். வானிலை எச்சரிக்கை இருந்தால், அல்லது அங்கே ஒரு பெரியவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு டீக்கடையில் உட்காருங்கள். அவரோடு பேசிக்கொண்டிருங்கள். மீன் இல்லாமல் திரும்பினாலும் அந்த நாள் வீண் அல்ல. பேதுருவும் ஓர் இரவு முழுக்க வெறும் வலையோடுதான் இருந்தார்.

திரும்பி வரும்போது அங்குள்ள மீனவப் பெண்களிடம் பேரம் பேசாமல் கொஞ்சம் மீன் வாங்கி வாருங்கள். பங்குத்தந்தைக்கும் இரண்டு துண்டு கொடுத்தால் மறுக்கமாட்டேன்.

செபிப்போம். கரையில் நின்று எங்களுக்காகக் காத்திருக்கும் ஆண்டவரே, நாங்கள் ஓய்வெடுக்கும் நாளில் எங்களுக்காக உழைப்பவர்களை நினைக்கும் மனதைத் தாரும். எங்களிடம் முடியாது என்று சொல்ல இயலாதவர்களின் மௌனத்தைக் கேட்கும் காதைத் தாரும். கடலில் உயிர் இழந்த மீனவச் சகோதரர்களுக்கு நிலையான இளைப்பாற்றியையும், தடைக்காலத்தில் கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அன்றாட உணவையும் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.